மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தில் கிரேக்கச் சொல்லுறுப்புகளும் தமிழும்

மேலை மருத்துவத்தின் கலைச்சொற்களுள் பெரும்பகுதி கிரேக்க, இலத்தீன் சொல்லுறுப்புகளால் ஆனது. நோயின் பெயரிலும் அறுவை முறையின் பெயரிலும் கிரேக்கமே மிகுதி. உறுப்பைக் குறிக்குமிடத்து இலத்தீன் அடியையும், அவ்வுறுப்புக்கு வந்த நோயைக் குறிக்குமிடத்துக் கிரேக்க அடியையும் ஆள்வது ஆங்கில மருத்துவ வழக்கில் பெரும்பான்மை. சிறுநீரகத்துக்குச் செல்லும் தமனி 'ரீனல்' தமனி. அதே உறுப்பின் அழற்சி 'நெஃப்ரைட்டிஸ்'. இவ்விரட்டை வழக்கைத் தமிழில் பேண வேண்டிய தேவை இல்லை. 'சிறுநீரகம்' என்னும் ஒரு சொல் இரண்டிடத்தும் போதும். இதனால் இழப்பு ஏதுமின்றி எளிமையே கிடைக்கிறது. ஆனால் பேணத்தக்க வேறொரு பண்பு கிரேக்க உறுப்புகளுக்கு உண்டு. தமிழ்க் கலைச்சொல் தொகுதிகள் பெரும்பாலும் நழுவவிட்டது அதனையே.

'டமி', 'எக்டமி', 'ஸ்டமி' என்னும் மூன்று ஈறுகளையும் நோக்கினால் அப்பண்பு விளங்கும். முதலாவது கீறித் திறத்தலையும், இரண்டாவது அறுத்து நீக்குதலையும், மூன்றாவது புதிதாக ஒரு வாய் அமைத்தலையும் குறிக்கின்றன. ஒரே அடியோடு மூன்றும் சேரும். சேருந்தோறும் ஒன்று மற்றொன்றிலிருந்து வேறுபட்டே நிற்கும். இவை தனித்து வாரா, கட்டுருபன்களாகவே வரும். ஒன்றன் பொருளை அதன் வேர் எவ்வளவு தருகிறதோ அதைவிட, அதே இடத்தில் வரக்கூடிய பிற ஈறுகளோடு அது கொண்டுள்ள வேற்றுமையே மிகுதியாகத் தருகிறது. எனவே மொழிபெயர்க்கப்பட வேண்டியவை தனித்தனி ஈறுகள் அல்ல. அவற்றிடையே உள்ள வேற்றுமைகளே.

தமிழ்த் தொகுதிகளோ சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பொருள் கூறிச் செல்கின்றன. ஆங்கில அகரவரிசையே இதற்கு ஒரு காரணமாகலாம். ஒரே ஈற்றையுடைய சொற்கள் அவ்வரிசையில் நூறு பக்கங்களில் சிதறிக் கிடக்கும். தொகுப்பாசிரியர் ஓர் ஈற்றை ஒரு திங்களில் 'நீக்கம்' என்றும், அடுத்த திங்களில் 'வெட்டு' என்றும், பின்னர் 'அறுவை' என்றும் பெயர்ப்பது இயல்பே. சொல்தோறும் அவர் செய்தது தவறன்று, தொகுதிதான் தவறாகிவிடுகிறது.

கிறீன் மேற்கொண்ட வழி

தமிழில் மேலை மருத்துவத்தை எழுதிய முன்னோடி யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884). 1847இல் இலங்கைக்கு வந்த அவர், இடையில் சில ஆண்டுகள் தாயகம் சென்றது நீங்கலாக, 1873 வரை அங்கே இருந்தார். மாணவர்க்கு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். 'இரண வைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'கெமிஸ்தம்' (1875), 'மனுஷ சுகரணம்' (1883) முதலியன அவரும் அவர்தம் மாணவரும் உருவாக்கிய நூல்கள்.

இந்நூற்பெயர்களே ஆய்வுக்குரியன. உடற்கூற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் நேர்ப்பொருள் 'அறுத்துப் பிரித்தல்' என்பது. கிறீன் வழங்கிய 'அங்காதிபாதம்' என்னும் தொடரில் அறுத்தலும் இல்லை, பிரித்தலும் இல்லை. உடலைப் பாதம் ஈறாக வரிசைப்படக் கூறுதல் என்னும் கருத்தே உள்ளது. பாதாதிகேசம், கேசாதிபாதம் என்னும் இலக்கிய வகைகளை அறிந்த தமிழ் மாணவருக்கு அது உடனே விளங்கியிருக்கும். அவ்வாறே 'இயற்கை பற்றிய உரை' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லுக்குச் 'சுகரணம்', அதாவது உறுப்புகள் நன்கு தொழிற்படுதல், என்று பெயர் தரப்பட்டது. இவை வேரைப் பெயர்த்தவை அல்ல; துறையைப் பெயர்த்தவை. மூலச்சொல்லின் உறுப்புகளுக்கு அடிமைப்படாமல் பொருளை நோக்கிய துணிவு பாராட்டத்தக்கது. 'கெமிஸ்தம்' என்பதிலோ அயற்சொல்லை எடுத்துத் தமிழ் ஈறு கூட்டும் வேறொரு துணிவு தெரிகிறது.

இவ்வழியின் குறையும் இங்கேயே உள்ளது. 'அங்காதிபாதம்' ஒரு சொல்லாக நின்றதேயன்றி, ஒரு வரிசைக்குத் தலையாகவில்லை. அதிலிருந்து நரம்புக்கோ தோலுக்கோ உரிய துறைப்பெயரை ஆக்க இயலாது. பின்னாளில் நிலைபெற்ற 'இயல்' என்னும் ஈறு இதற்கு மாறானது. வேற்றுமையியல், பெயரியல், வினையியல், இடையியல், உரியியல் எனத் தொல்காப்பியத்து இயற்பெயர்களில் பயின்ற இச்சொல், கிரேக்க 'லோஜி' ஈற்றுக்கு ஈடாக வந்தபின் இதயவியல், நரம்பியல், தோலியல் எனத் தடையின்றிப் பெருகியது. 'இயாட்ரி' என்னும் மருத்துவ ஈறு 'மருத்துவம்' ஆகவே நின்றதால், உளவியலும் மனநோய் மருத்துவமும் தமிழில் மயங்கவில்லை. ஓர் ஈறு ஒரு நிகரனையே பெற்று உறுதிப்பட்டால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. ஏனைய ஈறுகளுக்கு ஏன் இது நிகழவில்லை என்பதே கேள்வி.

மொழியமைப்புத் தடையாக இருந்தது என்று கூறுதற்கில்லை. கிரேக்கத் தொகைச்சொல்லில் அடை முன்னும் தலைச்சொல் பின்னும் வரும். தமிழ்த் தொகையிலும் அவ்வாறே. இரைப்பையும் குடலும் அழன்ற நோயைக் குறிக்கும் 'காஸ்ட்ரோ-என்டர்-ஐட்டிஸ்' உறுப்புக்கு உறுப்பு 'இரைப்பை-குடல்-அழற்சி' ஆகிறது; வரிசை சிறிதும் மாறவில்லை. கிரேக்கம் இடையே இடும் 'ஒ' என்னும் இணைப்புயிரின் பணியைத் தமிழில் புணர்ச்சி செய்கிறது. அடையைப் பின்னே தள்ளிக் கூறும் பிரெஞ்சு முதலிய மொழிகளின் இயல்பான தொடரமைப்பைவிடத் தமிழ்த் தொகையமைப்பு கிரேக்கத்துக்கு அணுக்கமானது.

அழற்சியும் காய்ச்சலும்

'ஐட்டிஸ்' ஈற்றின் வரலாறு வேரை நம்பும் மொழிபெயர்ப்பாளருக்கு நல்ல எச்சரிக்கை. பண்டைக் கிரேக்கத்தில் அது அழற்சியைக் குறித்ததன்று. 'சார்ந்த' என்னும் பொருளுடைய பெண்பாற் பெயரடை ஈறு. 'நோசோஸ்' என்னும் நோய்ப்பெயர் அம்மொழியில் பெண்பால் ஆதலின் 'ஆர்த்ரிட்டிஸ்' என்பது 'மூட்டைச் சார்ந்த நோய்' என்றே பொருள்பட்டது. நோய்ப்பெயர் காலப்போக்கில் தொக்கது. அழற்சி என்னும் வரையறை பிற்கால மருத்துவர் ஏற்றியது. 'ஓமா' என்பதும் அத்தகையதே. இன்று கட்டி என்னும் பொருளில் புதுச்சொற்களை ஈன்றாலும், பழைய சொற்களான 'கிளாக்கோமா', 'டிரக்கோமா' ஆகிய கண்நோய்களில் கட்டி ஏதுமில்லை; முன்னது வெளிறிய நீலப்பசுமை நிறத்தையும் பின்னது சொரசொரப்பையும் அடியாகக் கொண்டவை. ஆகவே 'ஓமா' வருமிடமெல்லாம் 'கட்டி' என்று எழுதுபவர் இல்லாத கட்டியைக் கண்ணில் வைத்தவராவார்.

'அனீமியா' இன்னொரு வகை. 'அன்' இன்மை, 'ஹைமா' குருதி. உறுப்புக்கு உறுப்புப் பெயர்த்தால் 'குருதியின்மை' வரும். குருதியே இல்லாதவருக்கு மருந்து எழுத வேண்டிய நிலை வராது. தமிழர் நாவில் உள்ள 'இரத்தசோகை' இங்கே ஐயத்துக்கிடமின்றிச் சிறந்தது. தெலுங்கு 'ரக்தஹீனத' என்கிறது. குருதி என்னும் அடியைக் காத்து, இன்மையைக் குறைவாக மட்டுப்படுத்திய நுட்பம் அதில் உண்டு. 'நியூரஸ்தேனியா' என்பதற்கு உறுப்புக்கு உறுப்பு நிகராகும் 'நரம்புத் தளர்ச்சி'யின் கதையோ வேறு. அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பியர்டு 1869இல் பரப்பிய அந்நோய்ப்பெயரை மருத்துவ உலகம் பெரிதும் கைவிட்டுவிட்டது. தமிழ்ச் சுவர் விளம்பரங்கள் அதைக் கைவிடவில்லை.

மேற்கூறியவற்றிலிருந்து, மக்கள் சொல் உள்ளவிடத்து அதனையே கொள்க என்னும் விதி ஒன்றைச் சிலர் வருவிக்கக் கூடும். 'மூளைக்காய்ச்சல்' அவ்விதியைத் தடுக்கிறது. மூளையின் அழற்சியும் மூளையுறையின் அழற்சியும் வெவ்வேறு நோய்கள். காரணிகளும் மருத்துவமும் பல நிலைகளில் வேறானவை. ஆங்கிலத்தில் 'என்செஃபலைட்டிஸ்', 'மெனிஞ்சைட்டிஸ்' என அடி வேறு, ஈறு ஒன்று. செய்தித்தாள் தமிழில் இரண்டும் மூளைக்காய்ச்சலே. 'மூளையழற்சி', 'மூளையுறையழற்சி' என்னும் இணை தொகுதிகளில் இருப்பினும் அறிவிப்புப் பலகையை அடையவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 1955இல் கண்டறியப்பட்டது வேலூரில். தமிழ் வழங்கும் வட்டாரத்திலேயே நோய் அடையாளங் காணப்பட்டும் சொல் பிரிந்து நிற்கவில்லை என்பது கருதத்தக்கது.

இச்சிக்கல் ஒருமொழிச் சூழலில் மறைந்திருக்கும். இருமொழிச் சூழலில் வெளிப்பட்டுவிடும். ஆரணியாற்று நீர்த்தேக்கத்தை அடுத்த பிச்சாட்டூர் அத்தகைய ஊர். சித்தூர் மாவட்டத்திலிருந்த அது, 2022 ஏப்ரலில் அமைந்த திருப்பதி மாவட்டத்துக்கு உரியதாயிற்று. ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் சாலையில் இருப்பதால், நோயாளர் இத்திசை சென்றால் தெலுங்கு மருத்துவமனையையும் அத்திசை சென்றால் தமிழ் மருத்துவமனையையும் அடைவர். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் அவ்வட்டாரத்தில் அரசு அறிவிப்பு தெலுங்கில் 'மெதடுவாப்பு' என்று கூறும் நோயைத் தமிழ்ச் செய்தித்தாள் 'மூளைக்காய்ச்சல்' என்று கூறும். ஒன்றன் தலைச்சொல் வீக்கம். மற்றதன் தலைச்சொல் சுரம். இரண்டும் ஒன்றே என்று அறியாத ஒருவர், வீக்கத்துக்குப் போட்ட தடுப்பூசி சுரத்துக்கு ஆகுமா என்று கேட்டால் அதில் அறியாமை இல்லை. தலைச்சொல்லை நம்பிய மொழியறிவே உண்டு.

உறுப்புப் பெயரில் இம்மயக்கம் இன்னும் கூர்மையானது. தமிழில் 'குண்டிக்காய்' சிறுநீரகம். தெலுங்கில் 'குண்டெகாய' இதயம். வடிவால் நெருங்கிய இவ்விரு சொற்களும் உடலின் இருவேறிடங்களைச் சுட்டுகின்றன. முதியவர் ஒருவர் 'குண்டிக்காயில் நோவு' என்று கூறுவதைத் தெலுங்குச் செவி எவ்வாறு கேட்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இங்கே 'சிறுநீரகம்' என்னும் ஆக்கச்சொல் தன் பணியை உறுப்பின் தொழிலாலேயே உரைத்து மயக்கத்தைத் தவிர்க்கிறது. தெலுங்கின் 'மூத்ரபிண்டம்' என்பதும் அவ்வாறே. ஆக்கச்சொல் செயற்கையானது என்று பழிப்பவர் இத்தகைய எல்லையூர்களை எண்ணிப் பார்ப்பதில்லை.

இந்திய அரசு 1961இல் அமைத்த அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையம் 'ஐட்டிஸ்' ஈற்றுக்கு இந்தியில் 'சோத' என்னும் வடசொல்லை வைத்து யக்ருத்சோத, விருக்கசோத, சந்திசோத என வரிசைப்படுத்தியது. அச்சொற்கள் பொதுமக்களுக்கு விளங்குமா என்பது வேறு வினா. வரிசை குலையவில்லை என்பதை மறுக்க இயலாது. தமிழில் 'அழற்சி' என்னும் ஈடு இதனினும் தெளிவானது. 'அழல்' என்னும் அடி வெப்பத்தையும் எரிவையும் ஒருங்கே தருகிறது. இருந்தும் மூட்டழற்சி ஓரிடத்தில் மூட்டுவாதமாகவும் வேறோரிடத்தில் கீல்வாதமாகவும், கல்லீரல் அழற்சி மஞ்சள் காமாலையாகவும் திரிகின்றன. காமாலை ஒரு குறி. கல்லீரல் அழற்சி ஒரு நோய். காமாலை தோன்றாமலே கல்லீரல் அழற்சி நீடிக்கலாம் ஆதலின், கண் மஞ்சளாகவில்லையே என்று ஒருவர் ஆறுதல் கொள்வதற்கு இச்சொல் மயக்கம் இடந்தருகிறது.

முன்னொட்டுகள்

பின்னொட்டில் தமிழுக்கு வாய்த்த எளிமை முன்னொட்டில் இல்லை. தமிழ் அடிப்படையில் பின்னொட்டு மொழி. இன்மை, மிகை, குறை, இடம் ஆகிய பொருள்களைப் பெரிதும் சொல்லின் பின்னரே வைப்பது. கிரேக்க முன்னொட்டை முன்னாலேயே வைத்துப் பெயர்க்கும் பழக்கம் இதனால் சில இடங்களில் பொருளையே மாற்றிவிடுகிறது. தோலுக்கு அடியில் செலுத்தும் ஊசியைக் குறிக்கும் சொல்லில் 'ஹைப்போ' முன் நிற்கிறது. அதைப் பார்த்து 'அடித்தோல்' என்றால் தோலின் கீழடுக்கு என்றாகும். 'தோலடி' என்றால் மட்டுமே தோலுக்குக் கீழுள்ள இடம் என்றாகும். இரண்டுக்கும் உறுப்புகள் ஒன்றே, வரிசையே வேறு. மேலும் அதே 'ஹைப்போ' அளவைக் குறிக்குமிடத்து அடியும் அன்று, கீழும் அன்று. குறை அல்லது தாழ்வு. ஓர் உறுப்புக்கு ஒரு நிகரன் என்னும் விதியை இங்கே இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: இடப்பொருளில் 'அடி' பின்னே, அளவுப்பொருளில் 'குறை' அல்லது 'தாழ்' முன்னே.

சிறுநீர் பற்றிய நான்கு சொற்கள் தமிழின் வலிமையைக் காட்டும். அன்யூரியா, ஆலிகூரியா, பாலியூரியா, டிஸ்யூரியா என்பவை முறையே சிறுநீரின்மை, சிறுநீர்க்குறைவு, சிறுநீர்மிகை, நீர்க்கடுப்பு ஆகின்றன. ஆங்கில அகரவரிசையில் நான்கும் நான்கு மூலையில் கிடக்கும். தமிழில் நான்கும் நீரைப் பற்றியே நிற்கின்றன. கடைசிச் சொல் எவரும் ஆக்கியதன்று. வெயிற்காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் வழங்குவது. 'டிஸ்' என்னும் முன்னொட்டு 'இடருடன்' என்று பொதுப்படக் கூறுவதைத் தமிழ் கடுப்பு என்றும், மூச்சுக்குத் திணறல் என்றும் உற்ற உணர்வால் பிரித்துக் கூறுகிறது. வலி, நோவு, குத்தல், குடைச்சல், உளைச்சல், எரிச்சல் என விரியும் தமிழ் நோவுச்சொற்களுக்கு முன் கிரேக்க 'அல்ஜியா' வறியதே.

ஒலிபெயர்ப்பே பாதுகாப்பானது என்னும் கருத்தும் ஆய்தற்குரியது. விழுங்குவதில் இடர் 'டிஸ்ஃபேஜியா'. பேசுவதில் இடர் 'டிஸ்ஃபேசியா'. தமிழெழுத்தில் இரண்டுக்கும் வேறுபாடு ஓரெழுத்து. சர்க்கரை மிகுதல் 'ஹைப்பர்கிளைசீமியா'. சர்க்கரை தாழ்தல் 'ஹைப்போகிளைசீமியா'. ஒன்றுக்குரிய மருத்துவம் மற்றதற்குக் கேடு. 'மிகுசர்க்கரை', 'தாழ்சர்க்கரை' என்பவை செவிக்கும் கண்ணுக்கும் முழுதும் வேறானவை. உயர் இரத்த அழுத்தம், தாழ் இரத்த அழுத்தம் என்னும் இணை இவ்வகையில் மக்களிடையே வேரூன்றியதால், இவ்வழி இயலாதது என்று கூறுவதற்கில்லை.

அறுவைச் சொற்கள்

வேற்றுமை குலைவதால் வரும் கேடு அறுவைச் சொற்களில் மிகுதி. பேச்சுத் தமிழில் 'கருப்பை ஆபரேஷன்' என்பது கருப்பையைக் கீறித் திறத்தலாகவும் இருக்கலாம், அதனை நீக்குதலாகவும் இருக்கலாம். சிலர் வாயில் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையும் இதுவே. எழுத்துத் தமிழ் 'கருப்பை அறுவை சிகிச்சை' என்று கூறும்போது ஆங்கிலத்தை நீக்கியதேயன்றி மயக்கத்தை நீக்கவில்லை.

இந்திய உச்ச நீதிமன்றம் 2008 சனவரியில் தீர்ப்பளித்த வழக்கு ஒன்று இங்கே குறிப்பிடத்தக்கது. அவ்வழக்கில் நோயாளர் கையெழுத்திட்ட ஒப்புதற்படிவம் 'லேப்ராஸ்கோப்பி'க்கு உரியது. 'லேப்ராட்டமி' தேவைப்படலாம் என்றும் அதில் இருந்தது. நோயாளர் மயக்கநிலையில் இருந்தபோது அவர்தம் தாயின் ஒப்புதலைப் பெற்றுக் கருப்பையும் சூலகங்களும் நீக்கப்பட்டன. நோக்குவதற்கு அளித்த ஒப்புதல் நீக்குவதற்கு ஆகாது என்றும், தாமே முடிவெடுக்கும் நிலையிலுள்ள வயதுவந்த நோயாளர்க்காகப் பிறர் அளித்த ஒப்புதல் செல்லாது என்றும் நீதிமன்றம் கூறியது. சட்ட நுணுக்கம் எவ்வாறாயினும், மொழியியல் நோக்கில் அவ்வழக்கின் உயிர்நிலை மூன்று ஈறுகளின் வேற்றுமை: 'ஸ்கோப்பி' நோக்கல், 'டமி' கீறல், 'எக்டமி' நீக்கல். அப்படிவத்தைத் தமிழில் எழுதி மூன்றையும் 'அறுவை' என்று பெயர்த்திருந்தால், நீதிமன்றம் பற்றிக்கொள்ள ஒரு வேற்றுமையும் எஞ்சியிராது.

இம்மூன்றுக்கும் தமிழில் சொல் இல்லாமலில்லை. சித்த மருத்துவம் வகுத்த முப்பத்திரண்டு புறமருத்துவ முறைகளுள் 'கீறல்' ஒன்று, 'அறுவை' வேறொன்று, 'குருதி வாங்கல்' மற்றொன்று. கீறலையும் அறுவையையும் தனித்தனியே எண்ணிய மரபு கைவசம் இருக்க, இருபதாம் நூற்றாண்டுத் தொகுதிகள் 'அறுவை'யை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராக்கி அதன் கூர்மையை மழுக்கின. அதனைப் பொதுப்பெயராகவே விட்டுவிட்டு, 'டமி'க்குக் கீறல், 'எக்டமி'க்கு நீக்கம் என்று கொள்வதே இன்று செய்யத்தக்கது. வயிற்றுக்கீறல், கருப்பைக்கீறல், கருப்பைநீக்கம் என்பவை எவருக்கும் அகராதியின்றி விளங்கும். விலக்குகள் வரும். 'லித்தாட்டமி' பெயரளவில் கல்லைக் கீறுவது. செயலளவில் கல்லை எடுப்பது. அதற்குக் 'கல்லெடுப்பு' என்பதே பொருந்தும்.

'ஸ்டமி'க்குத் தொகுதிகள் துளை, திறப்பு, புழை எனப் பலவாறு தருகின்றன. 'துளை' காயத்தையும் குறிக்கும். 'திறப்பு' கீறலோடு மயங்கும். கிரேக்க 'ஸ்டோமா' வாய் என்னும் பொருளது. தமிழிலும் வாய் முகத்தோடு நிற்பதன்று. புண்ணுக்கு வாய் உண்டு, குடத்துக்கு வாய் உண்டு, மடைக்கும் வாய் உண்டு. பெருங்குடலை வயிற்றுச் சுவரில் திறந்து வைக்கும் முறையைக் 'குடல்வாய் அமைப்பு' என்றும், அவ்வாறு அமைந்த திறப்பைக் 'குடல்வாய்' என்றும் கூறினால், முறைக்கும் விளைவுக்கும் ஆங்கிலத்தில் உள்ள வேறுபாடும் உடன்வரும். இவ்விரண்டாவது சொல்லே நோயாளருக்கு மிகுதியும் வேண்டப்படுவது. அறுவை ஒருநாள் நிகழ்வு. குடல்வாயைத் துடைத்துப் பையை மாற்றுவதை அவர் வீட்டில் நாள்தோறும் செய்ய வேண்டும். திருப்பதியில் அறுவை முடிந்து பிச்சாட்டூருக்குத் திரும்பும் தமிழருக்குக் கையில் கிடைக்கும் தாள் ஆங்கிலத்தில் இருக்கும், செவிலியர் கூறிய விளக்கம் தெலுங்கில் இருந்திருக்கும். தைத்த இடத்தையும் திறந்து வைத்த இடத்தையும் 'ஆபரேஷன் பண்ண எடம்' என்று ஒரே பெயரால் குறிக்கும் வீட்டாருக்கு, எதனை மூடிக் கட்டுவது, எதனைத் திறந்து வைப்பது என்று பிரித்துக் கூற 'குடல்வாய்' என்னும் ஒரு சொல் தேவைப்படுகிறது.